மாட்டுனா மாட்டும் மாப்ளே

வெள்ளிமலையில வெல்டிங் பட்டறை தொறக்கப் போறியாம். நல்ல சேதி. பேனர்ல உன் படம் பெருசு, கரியராமன் படம் சிறுசுன்னு கேள்விப்பட்டன். சாமி பொறுத்துக்கும், விடு. வாசல் எந்தப் பக்கம் பாக்கணும்னு சோசியருகிட்ட கேட்ட. கடைக்கு என்னா பேரு வெக்கிறதுன்னு வாத்தியாருகிட்ட கேட்ட. அறுக்குற பிளேடை மட்டும் யாருகிட்டயும் கேக்கல. கள்ளக்குறிச்சிக்கு எறங்கிப் போன, "பதினாலு இஞ்சுல ஒண்ணு குடுங்கண்ணே"ன்ன, குடுத்தாங்க, வாங்கிக்கிட்டு பஸ் ஏறிட்ட. தாய்மாமன்னு ஒருத்தன் இருக்கனே, கீழ்நாட்டுப் பட்டறையெல்லாம் இரும்பு அறுத்தே நரைச்சவனாச்சேன்னு ஒரு நெனப்பு வந்துதா? பொண்ணு பாக்கப் போறப்பவே என்னை ஒரு வார்த்த கேக்காதவன், பிளேடு வாங்கவா கேக்கப் போற?

நீ கேக்காட்டியும் சொல்றன். மாமன் வாய மூட எந்த ஊர்லயும் சட்டம் கெடையாது.

மொதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்க. போர்டுல 'வெல்டிங்'னு எழுதி வெக்கலாம். ஆனா பட்டறையில பாதி வேலை அறுக்குற வேலைதான். நம்ம பாட்டன் காலத்துல ஒரு வூட்டுக்கு வேணுங்குற மொத்த இரும்பு ஒரு கொடுவாளு, ஒரு கோடாலி, ஒரு கொழு. மிச்சமெல்லாம் மூங்கிலும் புல்லும் மண்ணும். இப்ப எவன் வூடு கட்டுனாலும் கேட்டு, கிரில்லு, கலர் ஷீட்டு, அதைத் தாங்க ஸ்கொயர் பைப்பு. இருபது அடி பைப்பு அத்தனை கொண்டை ஊசி வளைவுலயும் வால ஆட்டிக்கிட்டு மேல வருது. வந்ததும் அதை அளந்து அறுக்கணும். அறுத்தது கோணலாப் போனா நீ வெல்டிங் ராடு போட்டுச் சந்தை அடைப்ப, அப்பறம் கிரைண்டர் போட்டுத் தேய்ப்ப, அப்பறம் பெயின்டு அடிச்சு மறைப்ப. கோணலை மறைக்கிறதுக்கே மூணு கூலி.

போன வாரம் உன் பட்டறைப் பக்கமா வந்தன். சும்மா இல்ல, வேவு பாக்கத்தான். நீ ஒரு காரியம் பண்ணிக்கிட்டு இருந்த. சின்னசேலத்துல இருக்குற உன் சகலை, மர வேலைக்காரன், அவன் கிட்டயிருந்து நாலு இஞ்சு மர பிளேடை வாங்கியாந்து கை கிரைண்டர்ல மாட்டி, ஒன்றரை மில்லி பைப்பை அறுத்துக்கிட்டிருந்த. கள்ளக்குறிச்சி மரச் சிற்பத்துக்கு 2021ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. அது மரத்துக்குக் குடுத்தது மாப்ளே, மர பிளேடால இரும்பு அறுக்குறதுக்கு இல்ல. போதாக்குறைக்கு அந்த கிரைண்டரோட கார்டைக் காணோம். எங்கடான்னு கேட்டா, "மறைக்குது மாமா"ங்குற. மறைக்கத்தாண்டா அதைச் செஞ்சான்! பத்து வெரல் இருக்குறதுல ஒண்ணு ரெண்டு கொறைஞ்சா என்னான்னு நீ நெனைக்கலாம். மொய் நோட்டு எழுத நாளைக்கு ஆளு தேடணும், அதான் என் கவலை.

அந்தப் பல்லைக் கிட்டத்துல வெச்சுப் பாத்திருக்கியா? மரத்துப் பல்லு முன்னால சாஞ்சு நிக்கும். ஒரு பல்லு எடது பக்கமாச் சீவியிருக்கும், அடுத்தது வலது பக்கமா. நாரைக் கடிச்சு இழுத்து வெட்டிக்கிட்டுப் போறதுக்கு அந்தச் சாய்வு. அதே சாய்வோட இரும்புல வெச்சா, கடிச்ச பல்லு விடாது. நிமிஷத்துக்குப் பதினோராயிரம் சுத்து சுத்துற மிஷினு உன் கையிலேருந்து துள்ளி மூஞ்சிக்கு வரும். பல்லு நுனியில ஒட்டியிருக்கே விடியா, அது ரொம்பக் கெட்டி. கெட்டியா இருக்குறதாலயே ஒரு அடி தப்பாப் பட்டா நெளியாது, தெறிச்சுப் போவும். போன துண்டு எங்க போச்சுன்னு யாரும் தேட வேணாம், யாரு மேல போச்சுன்னு தேடுனாப் போதும். இரும்புக்குன்னு செஞ்ச பல்லு நிமிந்து நிக்கும். ஒரு பல்லோட ரெண்டு மூலையும் மழுங்கச் சீவியிருக்கும், அடுத்த பல்லு தட்டையா இருக்கும். மொதப் பல்லு நடுவுல பள்ளம் தோண்டும், பின்னால வர்ற பல்லு ரெண்டு ஓரத்தையும் வழிச்செடுக்கும். அலுமினியத்துக்குன்னா பல்லு செத்த பின்னாலகூடச் சாஞ்சிருக்கும். இவ்வளவு சங்கதி ஒரு பல்லுல இருக்கு. நீ விட்டத்தையும் வெலையையும் மட்டும் பாக்குற.

சரி, இப்ப உன் மிஷினுக்கு வருவம். பதினாலு இஞ்சு கட்டிங் மிஷின் வாங்கியிருக்க, 355 மில்லி. பதினாலு இஞ்சுன்னு வாயில சொல்றம், கணக்கு அதுதான். அந்த மிஷினோட தகட்டுல எழுதியிருக்கும், சுத்து 3,800ன்னு; சிலதுல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும். அதுக்கு மாட்டுறது பல்லில்லாத கல்லுச் சக்கரம், நாம கட்டிங் வீல்னு சொல்றது. நீ என்னா வாங்கியாந்திருக்க? பளபளன்னு விடியாப் பல்லு வெச்ச டி.சி.டி. பிளேடு. "வீலு தேஞ்சு தேஞ்சு சிறுத்துடுது மாமா, இது சிறுக்கவே சிறுக்காது"ன்னு கடையில சொன்னாங்களாம். பொய் சொல்லல. அறுபத்தாறு பல்லு, நடு ஓட்டை 25.4 மில்லி. உன் மிஷினோட ஷாஃப்டும் 25.4. மாட்டிப் பாத்த, மாட்டுச்சு. உனக்கு ஒரே குஷி.

மாட்டுனா மாட்டும் மாப்ளே. ஓட்டை அளவு ஒத்துப்போறது கம்பெனிக்காரங்க செளகரியத்துக்கு. அதுக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் இல்ல. அந்த பிளேடு மேல அம்புக்குறி போட்டு, பக்கத்துல பொடி எழுத்துல 'மேக்ஸ் ஆர்பிஎம் 1,800'ன்னு போட்டிருக்கும். நானே கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிச்சன். உன் மிஷினு அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல சுத்துது. ஓட்டக் காளையையும் கெழட்டு எருமையையும் ஒரே நொகத்துல பூட்டுன கதைதான், ரெண்டும் கழுத்து ஒடிஞ்சு நிக்கும்.

செத்த கணக்கு போடு, உனக்குத்தான் கால்குலேட்டர் போன்லயே இருக்கே. 355 மில்லி சக்கரத்தோட சுத்தளவு ஒரு மீட்டருக்கு மேல, 1.115. அதை 3,800ஆல பெருக்கு. நிமிஷத்துக்கு நாலே கால் கிலோமீட்டர். ஒரு மணி நேரத்துக்கு 250 கிலோமீட்டரு. நீ காலையில பட்டனை அமுக்கிட்டு ஒரு மணி நேரம் விட்டா, அந்த விளிம்பு கள்ளக்குறிச்சியில கெளம்பி மெட்ராஸ் போய்ச் சேந்துடும். கல்லுச் சக்கரத்துக்கு அந்த வேகம்தான் வேணும், அது ஒவ்வொரு மணலாச் சுரண்டி, சுரண்டுன எடத்தையே காய்ச்சி, பொறியா வெளிய தள்ளுது. பல்லு வெச்ச பிளேடுக்கு அது ஆவாது. அதுக்குன்னு தனி மிஷினு இருக்கு, 1,300லேருந்து 1,500 சுத்து, விளிம்பு வேகம் மணிக்குத் தொண்ணூறு கிலோமீட்டருக்கு முன்ன பின்ன. அந்த மெதுவுல பல்லு ஒவ்வொண்ணும் இரும்பைச் செதிலாச் சீவி எடுக்கும். சூடெல்லாம் செதிலோட போயிடும். அறுத்த பைப்போட வாயில கையை வெக்கலாம், சுடாது, பிசிறும் இருக்காது. அதே பிளேடை 3,800ல போட்டா மொத ரெண்டு மூணு அறுப்பு ஜோரா இருக்கும், நீ எனக்கு வீடியோ எடுத்து அனுப்புவ. அப்பறம் பல்லு சிவந்து, ஒட்டுன விடியா, பத்தவெப்பு எளகி, ஒண்ணொண்ணாக் கழலும்.

வேகத்துல அந்த மெதுவு மிஷினுக்கும் கீழ ஒரு ஜாதி இருக்கு. சேலத்துல ஒரு பட்டறையில பாத்தன்: முழுக்க ஹெச்.எஸ்.எஸ். எஃகுத் தகடு, பாலு நெறத்துல கூலன்ட் தண்ணி மேல ஊத்திக்கிட்டே இருக்கு, 300 மில்லி பிளேடு நிமிஷத்துக்கு நாப்பது சுத்துக்கும் கம்மி. விளிம்பு நடந்து போற மனுசன் வேகத்துக்கும் கொறைவு. நின்னு வேடிக்கை பாத்தா தூக்கம் வரும். ஆனா உள்ளங்கை அகலத்து கெட்டிக் கம்பியைச் சத்தமில்லாம அறுத்து, மூஞ்சி பாக்குற மாதிரி பளபளப்பா வெச்சுட்டுப் போச்சு. அது பெரிய பட்டறைச் சாமான், மூணு பேஸ் கரன்டு கேக்கும். நம்ம மலைக்கு இப்ப வேணாம்.

இப்ப கல்லுச் சக்கரத்துக்கு வா. இதையும் நீ ஏனோ தானோன்னு வாங்காத. ஒரு வீலை எடுத்து வெளிச்சத்துல திருப்பிப் பாரு. காயிதம் ஒட்டியிருக்குல்ல, கம்பெனிப் படத்துக்குக் கீழ 'ஏ 30 ஆர் பி.எஃப்'னு என்னவோ மந்திரம் எழுதியிருக்கும். நீ ஐ.டி.ஐ. படிச்சவன், நான் படிக்காதவன். இருந்தாலும் சொல்றன் கேளு. 'ஏ'ன்னா அலுமினா மணல், இரும்புக்கு உள்ளது. அந்த எடத்துல சி இருந்தா அது சிலிக்கன் கார்பைடு, கல்லுக்கும் டைல்ஸுக்கும் உள்ளது. 1891ல அமெரிக்காவுல ஆச்சிசன்னு ஒருத்தரு கண்டுபுடிச்ச சரக்கு. அதுக்கு அவரு வெச்ச கார்போரண்டம்ங்குற பேரை வெச்சே 1954ல மெட்ராஸ்ல ஒரு கம்பெனி வந்து, திருவொத்தியூர்ல சக்கரம் செஞ்சாங்க. கல்லு அறுக்குற வீலால இரும்பை அறுத்தா, இரும்பு இருக்குற எடத்துலயே இருக்கும், வீலு மட்டும் காணாமப் போவும். அப்பறம் அந்த 30 மணலோட பருமன். நம்பர் ஏற ஏற மணல் பொடிசு. ஆர்ன்னா எவ்வளவு கெட்டியாப் புடிச்சிருக்குன்னு கணக்கு. பி.எஃப்.ன்னா பிசினு போட்டு ஒட்டி, உள்ள கண்ணாடி நாரு வலை வெச்சது. அந்த வலை இல்லாத வீலை யாராவது சும்மா குடுத்தாலும் வாங்காத.

அதுக்குப் பக்கத்துல வேகம் எழுதியிருக்கும்: வினாடிக்கு 80 மீட்டர், சுத்து 4,300. செவப்புக் கோடு போட்டிருந்தாலும் அதே 80தான். வீல்ல உள்ள நம்பர் பெருசா இருக்கணும், மிஷின்ல உள்ள நம்பர் சிறுசா இருக்கணும். 4,300 பெருசு, 3,800 சிறுசு, சரியாப் போச்சு. இப்ப உன் கூட்டாளி ஒருத்தன் பண்ற கூத்தைப் பாரு. நாலு இஞ்சு கிரைண்டர்ல கார்டைக் கழட்டிட்டு, பெரிய மிஷின்ல மிஞ்சுன ஏழு இஞ்சு வீலை, ஓட்டைக்கு ஒரு வளையம் அடிச்சு, மாட்டிக்கிட்டுத் திரியுறான். வீணாக்க மனசு வரலையாம்! ஏழு இஞ்சு வீலுக்கு அதிகபட்சம் 8,500. அந்த கிரைண்டரு சுத்துறது 11,000. விளிம்பு வினாடிக்கு நூறு மீட்டரைத் தாண்டுது. சிக்கனக்காரன்தான், ஒத்துக்குறன். அவன் பொண்டாட்டிகிட்ட இன்சூரன்ஸ் கட்டுறானான்னு மட்டும் கேட்டு வை.

இன்னும் ஒண்ணு. வீலோட நடு வளையத் தகட்டுல மாசமும் வருஷமும் குத்தியிருக்கும். மாத்திரை அட்டையில இருக்குறதுக்கு உள்ள அதே அர்த்தம்தான். செஞ்ச தேதியிலேருந்து மூணு வருஷம். பிசினுக்கு ஈரம் ஆவாது. நம்ம மலையில கார்த்திகை மார்கழியில பனிமூட்டம் வூட்டுக்குள்ளயே வந்து உக்காருது. நீ வீலு கட்டைத் தண்ணி டேங்குக்குப் பக்கத்துல சுவத்துல சாய்ச்சு வெச்சிருக்க. சாய்ச்சு வெச்சா வளையும், நனைஞ்சா பிசினு தளரும். அப்பறம் ஒரு நாளு ஓடுறப்ப ரெண்டாப் பொளந்துட்டு வீலு கம்பெனிக்காரனைத் திட்டுவ. மரப் பலகை மேல படுக்க வை, மேல ஒரு தகடு வை, காஞ்ச எடமா வை. புது வீலை மாட்டுனா ஒரு நிமிஷம் சும்மா ஓட விடு, நீ ஓரமா நில்லு. நேர் எதுக்க நின்னு செல்ஃபி எடுக்காத. மார்பிள் கட்டரு பழக்கத்துல தண்ணி ஊத்தி அறுக்கவும் வேணாம். தண்ணியும் கரன்டும் உன் கையில சந்திச்சுக்கும்.

பல்லு எண்ணிக்கையைப் பத்திக் கேட்டியே, கேட்டியா? கேக்கல. ஹேக்ஸா பிளேடு வாங்குறப்ப ஒரு இஞ்சுக்கு 18 பல்லா, 24ஆ, 32ஆன்னு நம்ம ஊருப் பிளம்பரு கேப்பாரு பாரு, அதே கணக்குதான் இங்கயும். மெல்லிசான பைப்புக்கு நெருக்கமான பல்லு, கெட்டிக் கம்பிக்கு அகலமான பல்லு. மெல்லிசுல அகலப் பல்லைப் போட்டா, ரெண்டு பல்லுக்கு நடுவுல தகடு போய் மாட்டிக்கும், பல்லு ஒடியும். கெட்டியில நெருக்கப் பல்லைப் போட்டா, சீவுன செதிலுக்குத் தங்க எடமில்லாம அங்கயே அடைச்சுக்கிட்டுச் சூடேறும். பதினாலு இஞ்சு டி.சி.டி.யில ஆங்கிள், சேனல், கெட்டிச் சாமானுக்கு 66 பல்லு பக்கம் போவாங்க, மெல்லிசுக்கும் எஸ்.எஸ்.ங்குற எவர்சில்வருக்கும் 80, 90ன்னு ஏறுவாங்க. இதெல்லாம் உனக்கு அந்த மிஷினு வந்தப்பறம்.

ஆங்கிளை எப்படி வெக்கிறன்னு பாத்தன். ஒரு காலை மல்லாத்தி, ஒரு காலை நட்டமா நிறுத்தி வெக்கிற. மொதல்ல நட்டக் காலை அறுக்குறப்ப வெண்ணெயா எறங்குது, கீழ படுத்திருக்குற காலுக்கு வந்ததும் மொத்த அகலமும் ஒரேயடியா எதுக்க நிக்குது; மிஷினு மொனகுது, நீ மேல ஏறி உக்காருற. ஆங்கிளைக் கவுத்து வெச்சுப் பாரு, ரெண்டு காலும் கீழ ஊனி, முதுகு மேல தெரியுற மாதிரி. மேலேருந்து கீழ வரைக்கும் அறுக்குற அகலம் ஒண்ணாவே போவும். வைஸை இறுக்கு. வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற நீளத்துக்குக் கீழ முட்டு குடு. இல்லாட்டி அறுத்து முடியுறப்ப அந்தப் பக்கம் தொங்கி, வாய் மூடி, சக்கரத்தைக் கவ்விக்கும். பையனைப் புடிக்கச் சொல்லாத, அவன் போன் வந்தா விட்டுடுவான்.

அமுக்குறது ஒரு கலை. மிஷினு முழு வேகத்துக்கு வந்தப்பறம் தொடு, தொட்டு ஒரு கீறல் விழுந்ததும் ஒரே சீரா அமுக்கு, முடியுறப்ப தளத்திடு. சத்தத்தைக் கேளு, சுருதி எறங்குனா நீ அதிகமா அமுக்குற. ஆனா தொடாமத் தடவிக்கிட்டும் இருக்காத, முக்கியமா எஸ்.எஸ். அறுக்குறப்ப. அது உங்க அத்தை குணம். மெதுவாத் தேச்சுக்கிட்டே இருந்தா தேச்ச எடம் மேல மேல கெட்டியாவும், அப்பறம் எந்தப் பல்லும் ஏறாது. சீராத் தள்ளிக்கிட்டுப் போயிடணும். எஸ்.எஸ்.க்கு வாங்குற வீல்ல 'ஐனாக்ஸ்'னு போட்டிருக்கான்னு பாரு. இரும்பும் கந்தகமும் குளோரினும் சேராம செஞ்சது, அறுத்த எடம் பின்னால துரு புடிக்காது. 1981லேருந்து பக்கத்துல சேலத்துலயே எஸ்.எஸ். தகடு உருட்டுறாங்க. 1830ல ஹீத்துங்குற வெள்ளைக்காரன் சேலத்துப் பக்கத்து இரும்பு மண்ணை நம்பித்தான் பரங்கிப்பேட்டையில ஆலை போட்டான். பரங்கிப்பேட்டையும் நாமளும் அப்ப ஒரே தென்னாற்காடு ஜில்லா. அவன் ஆலை போச்சு, மண்ணு இருக்கு. சரி, அது வேற கதை.

அலுமினியத்தைக் கல்லு வீல்ல அறுக்காத. அது உருகி மணலு சந்துல அப்பிக்கும், வீலு வழவழன்னு ஆயிடும், நீ அமுக்குவ, அது வெடிக்கும். அதுக்குப் பத்து இஞ்சுல நூறு பல்லு நூத்தி இருபது பல்லுன்னு தனி பிளேடு இருக்கு. நடுநடுவுல மெழுகைத் தடவிக்கிட்டா ஒட்டாது. மாசத்துல ஒரு ஜன்னல் வரும், அதுக்குப் போய் பிளேடு வாங்குவியா? கையால ஹேக்ஸா போடு, ஒடம்பும் எளைக்கும்.

கரன்டு விஷயம். அந்த மிஷினு ரெண்டாயிரம் வாட்டுக்கு மேல, அதாவது ஒம்பது பத்து ஆம்பியர் இழுக்கும். நீ லைட்டு பிளக்குல, கோயில் திருவிழாவுக்கு சீரியல் செட்டு போட்ட ஒயரை நீட்டிக் குடுத்திருக்க. சாயங்காலம் ஊரெல்லாம் லைட்டு போட்டு வோல்டேஜ் எறங்குறப்ப மிஷினு தெணறும், ஒயரு உருகும், மோட்டார் கார்பன் நாறும். பதினஞ்சு ஆம்பியர் பிளக்கு, ரெண்டரை ஸ்கொயர் ஒயரு, அதுவும் குட்டையா. அறுக்குற வேலையைப் பகல்ல முடி.

பொறி எங்க போவுதுன்னு பாத்தியா? பத்தடி தாண்டி ஓடுது. அந்தப் பக்கம் உன் பெரியப்பன் வூட்டுப் புல்லுக்கூரை, இந்தப் பக்கம் வண்டியில பெட்ரோல். சக்கரத்துக்குப் பின்னால ஒரு பழைய தகட்டை நிறுத்திட்டா முடிஞ்சுது. இதையும் கேலியா எடுத்துக்காத: டீசல், பெயின்டு, ஆயில் இருந்த பீப்பாயை எவனாவது அடுப்பு செய்யணும்னு அறுக்கக் கொண்டாந்தா, திருப்பி அனுப்பிடு. காலியாத்தான் இருக்குன்னு சொல்லுவான். உள்ள ஆவி இருக்கும். ஒரு பொறி போதும், மூடி பறந்து ஆளு செத்துடுவான்.

லுங்கியும் தோள்ல துண்டும் உனக்கு அழகாத்தான் இருக்கு, கல்யாணத்துக்குக் கட்டிக்க. மிஷின் கிட்ட வேணாம். துணிக் கையுறையும் பல்லு பிளேடு கிட்ட வேணாம், நூலைப் புடிச்சு வெரலோட இழுத்துக்கும். கண்ணுல பொறி விழுந்தா நாக்கால எடுக்குற ஆயா ஒண்ணு நம்ம ஊர்ல இருக்குதான். ஆனா அந்தப் பொறி தூசி இல்ல, சூடா வந்து கருவிழியில பொதைஞ்சுக்குற இரும்பு. ஒரு நாள்ல அங்க துரு வளையம் கட்டிடும். கள்ளக்குறிச்சியில 2022லேருந்து அரசு மருத்துவக் கல்லூரியே இருக்கு, ஆயாகிட்ட போவாம அங்க போ.

ஆக மொத்தம் என் தீர்ப்பு இதுதான். நம்ம ஊர்ல இன்னிக்கு வர்ற வேலைக்குக் கல்லு வீல் மிஷினே போதும். அந்த டி.சி.டி. பிளேடைத் திருப்பிக் குடுத்துட்டு, அதே காசுக்குத் தேதி பாத்து கட்டிங் வீல் வாங்கு, ஒரு கட்டுக்கு மேலயே வரும். ரெண்டு வருஷத்துல கேட்டு ஆர்டர் குவிஞ்சா அப்ப மெதுவாச் சுத்துற மிஷினை வாங்கு, பிளேடை அதுக்குப் பின்னால வாங்கு. மர பிளேடை இன்னிக்கே சகலைகிட்ட சேத்துடு. கார்டை மாட்டு. வர்றப்ப கண்ணாடி ரெண்டு வாங்கியா, உனக்கு ஒண்ணு, உன்கூட நிக்கிற பையனுக்கு ஒண்ணு. மூணாவதா ஒண்ணு வாங்குனா வேடிக்கை பாக்க வர்ற மாமனுக்கு ஆவும்.